சோமாலியக் கடற்கொள்ளை குறைந்தது போர்க்கப்பல்களாலா, தகவல் பகிர்வாலா?

நெய்தல்வாசி

2025 நவம்பரில் குஜராத்தின் சிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் பெட்ரோல் ஏற்றிப் போன ஹெல்லாஸ் அஃப்ரோடைட் கப்பலில் சோமாலியக் கொள்ளையர்கள் ஏறிய செய்தியைப் பார்த்திருப்பீர்கள். ஊழியர்கள் 24 பேரும் பாதுகாப்பு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் அடலாண்டா படையிலிருந்து ஸ்பெயின் போர்க்கப்பல் ஒன்று விரைந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு, இன்னும் நாலு போர்க்கப்பல் அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 2011-தான் உச்சம். சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கணக்கில் அந்த ஒரே வருஷத்தில் சோமாலியர்கள் நடத்திய தாக்குதல்கள் 237. 2005 முதல் 2012 வரை 179 கப்பல்களைக் கடத்தி 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை பிணைத்தொகை வாங்கியிருக்கிறார்கள் என்று உலக வங்கி, இன்டர்போல், ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் மூன்றும் சேர்ந்து ஆராய்ந்து சொன்னார்கள். உலகப் பொருளாதாரத்துக்கு வருஷம் 1,800 கோடி டாலர் இழப்பு என்பது உலக வங்கியின் இன்னொரு ஆய்வு.

2008-க்குப் பிறகு அங்கே போர்க்கப்பல்களுக்குப் பஞ்சமே இல்லை. அடலாண்டா ஒரு பக்கம், அமெரிக்கா முன்னின்ற கூட்டுப்படை 151 ஒரு பக்கம், நேட்டோ ஒரு பக்கம், இவற்றில் சேராமல் தனியாக வந்த இந்தியா, சீனா, ரஷ்யா. ஆளுக்கொரு தலைமை, ஆளுக்கொரு ரகசியம். ஆனால் காக்க வேண்டிய கடலோ இந்திய நிலப்பரப்பைவிட மிகப் பெரியது. கொள்ளையன் படகில் வந்து ஏணி போட்டு ஏற அரைமணி நேரம்கூட வேண்டாம். எத்தனை கப்பல் நிறுத்தினாலும், எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரியாவிட்டால் பயனில்லை.

அதை மாற்றியது பல நாட்டுக் கடற்படையினர் பஹ்ரைனில் கூடிப் பேசிய ஷேட் என்ற கூட்டங்கள். யாரும் யாருக்கும் கட்டளையிட மாட்டார்கள், ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை மேசையில் வைப்பார்கள். மெர்க்குரி என்ற சாதாரண அரட்டை வசதி ஒன்றை வைத்துக்கொண்டு, ரகசியமில்லாத தகவலை மட்டும் பல நாட்டுக் கடற்படைகள் பரிமாறிக்கொண்டன. 2012-ல் இந்தியா, சீனா, ஜப்பான் மூன்றும் தங்கள் பாதுகாப்பு அணிவகுப்புகளின் நேர அட்டவணையைப் பேசி வைத்துக்கொண்டன, ஒரே நேரத்தில் மூன்று அணி கிளம்பி மற்ற நேரத்தில் ஒன்றுமே இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக. நிலத்தில் எல்லைத் தகராறு உள்ள இந்தியாவும் சீனாவும்கூட! என்னைப் பொறுத்தவரை கொள்ளையர்களுக்கு விழுந்த பெரிய அடி இதுதான். அந்தப் பக்கம் கப்பலில் போனவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

செகண்ட்மேட்

போயிருக்கிறேன், உச்சத்தில் இருந்தபோதே போயிருக்கிறேன். பயணத் திட்டம் போடுவது கப்பலில் செகண்ட் மேட் என்ற அதிகாரியின் வேலை என்பதால் இது முழுக்க என் மேசைக்குத்தான் வரும்.

நீங்கள் சொல்லும் தகவல் பகிர்வு கப்பலுக்குள் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். கியூ 6099 என்று ஒரு வரைபடம், அதில் எங்கே பதிவு செய்ய வேண்டும், எங்கிருந்து தினமும் நிலை சொல்ல வேண்டும் என்று எல்லாம் அச்சிட்டிருக்கும். ஐரோப்பியப் படை நடத்தும் மையத்தில் முதலில் பதிவு, அப்புறம் துபாயில் இருந்த பிரிட்டிஷ் அலுவலகத்துக்கு அன்றாடம் நிலை அறிக்கை. ஏடன் வளைகுடாவுக்குள் பரிந்துரைக்கப்பட்ட பாதை ஒன்று, போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக ஐந்து கடல்மைல் அகலத்தில், நடுவில் இரண்டு மைல் இடைவெளி. அதில் நினைத்த நேரத்துக்கு நுழைவதில்லை. 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்), 12 நாட், 14 நாட் என்று வேகத்துக்கு ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் நுழைய ஒரு நேரம். ஆபத்தான பகுதியை எல்லாக் குழுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடக்கும்படி கணக்குப் போட்டிருப்பார்கள், அந்த நேரத்தில் போர்க்கப்பல்கள் அங்கே இருக்கும். கொஞ்சம் கப்பலை வைத்துக்கொண்டு நிறையப் பேரைக் காப்பது இப்படித்தான்.

18 நாட் வேகத்துக்கு மேல் ஓடிய கப்பலில் கொள்ளையர் ஏறியதாகப் பதிவு இல்லை என்று அப்போதைய வழிகாட்டி நூலில் இருந்தது. இதுவும் பகிர்ந்த தகவலில் இருந்து வந்த அறிவுதான். தாக்குதல் நடந்த ஒவ்வொரு கப்பலும் என்ன வேகம், தளம் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எந்த நேரம், அலை எப்படி என்று எழுதி அனுப்பியதால் கிடைத்த அறிவு. எங்களுடையது சரக்கு ஏற்றினால் 12-க்கு மேல் போகாத பல்க் கேரியர், தளம் தண்ணீரைத் தொடுகிற மாதிரி இருக்கும். அதனால் சுற்றிலும் ரேசர் வயர், ஓரத்தில் தீயணைப்புக் குழாயைத் திறந்து விடுவது, பிரிட்ஜ் (கப்பலை ஓட்டும் மேல்தள அறை) ஓரத்தில் கவர்ஆல் மாட்டிய பொம்மைகள், இன்ஜின் ரூம் பக்கம் சிட்டாடல் என்ற பாதுகாப்பு அறை. அந்த அறையில் உள்ளே இருந்தே பேச சாட்டிலைட் போன் இருக்க வேண்டும், அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதைத்தான் நான் விடவே மாட்டேன். எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் கடற்படைக்காரன் துணிந்து ஏறுவான், ஒரே ஒரு ஆள் வெளியே மாட்டிக்கொண்டாலும் கதை வேறு.

ரவிக்குமார்_சென்னை

எல்லாம் சரிதான் சார், ஆனால் உண்மையில் நிறுத்தியது துப்பாக்கி வைத்த தனியார் காவலர்கள். அவர்கள் இருந்த கப்பல் ஒன்றுகூடக் கடத்தப்படவில்லை என்று கப்பல் துறையில் சொல்வார்கள். அதைப் பேசாமல் அரட்டை வசதியைப் பற்றிப் பேசினால் எப்படி?

சாங்கிக்காற்று

வணக்கம், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், துறைமுகம் சார்ந்த வேலை. ரவி சொல்வது சோமாலியாவுக்குப் பொருந்தலாம். மலாக்கா நீரிணையைப் பாருங்கள், அங்கே துப்பாக்கிக் காவலர் கதையே வேறு, ஏனென்றால் பெரும்பகுதி ஏதோ ஒரு நாட்டின் எல்லைக்குட்பட்ட நீர். சட்டப்படி ஆழ்கடலில் நடந்தால்தான் கடற்கொள்ளை, 12 மைலுக்குள் நடந்தால் அந்த நாட்டின் ஆயுதக் கொள்ளை வழக்கு, வேறு யாரும் உள்ளே போய்ப் பிடிக்க முடியாது.

2004-ல் அமெரிக்கா இங்கே பாதுகாப்புக்கு வருகிறோம் என்று ஒரு திட்டம் பேசியபோது மலேசியாவும் இந்தோனேசியாவும் அடியோடு மறுத்தன. மறுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, அதே வருஷம் ஜூலையில் சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டு மூன்று நாடுகளும் ஒருங்கிணைந்த ரோந்து தொடங்கின. 2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுக்காரர்களின் குழு இந்த நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது பெரிய தலைகுனிவு, காப்பீட்டுச் செலவும் ஏறியது. உடனே செப்டம்பரில் வான்வழி ரோந்தும் வந்தது. ஒரே விமானத்தில் பல நாட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள், அடுத்த நாட்டுக் கடலின் மேல், கரைக்கு மூன்று மைல் தள்ளி வரை பறக்கலாம். அடுத்தவன் விமானம் தன் கடலுக்கு மேல் வருவதை இந்தப் பகுதி நாடுகள் ஒத்துக்கொண்டது சின்ன விஷயமில்லை. 2006 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2008-ல் தாய்லாந்தும் சேர்ந்தது.

இன்னொரு பக்கம் ஜப்பான் முன்னின்று உருவாக்கிய ரீகாப் என்ற கடற்கொள்ளைத் தகவல் பகிர்வு ஒப்பந்தம், 2006 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, தகவல் மையம் சிங்கப்பூரில். இந்தியா, இலங்கை இரண்டும் அதில் உண்டு. மலேசியாவும் இந்தோனேசியாவும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் தகவல் கொடுத்து வாங்குகிறார்கள். 2009-ல் சாங்கியில் எங்கள் கடற்படை தொடங்கிய தகவல் இணைப்பு மையத்தில் பல நாட்டு அதிகாரிகள் ஒரே கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லாவிட்டாலும் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டால் பதில் கிடைக்கும் என்ற நிலை வந்துவிட்டது, அது பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். இப்போதும் சிங்கப்பூர் நீரிணையில் இரவில் ஏறி இன்ஜின் உதிரிபாகம் திருடுகிறார்கள், இழுவைப் படகின் பின்னால் போகும் பார்ஜிலிருந்து இரும்பு அள்ளுகிறார்கள், முழுவதும் ஒழியவில்லை. ஆனால் கப்பலையே காணோம் என்ற காலம் போய்விட்டது.

வழக்குரை

கப்பலையே காணோம் என்ற காலத்து வழக்கு ஒன்றைச் சொல்கிறேன், இந்த விவாதத்தில் விட்டுப்போன பகுதி அதில் இருக்கிறது.

1999 அக்டோபரில் அலொண்ட்ரா ரெயின்போ என்ற கப்பல் 7,000 டன் அலுமினியக் கட்டிகளோடு இந்தோனேசியாவின் குவாலா தன்ஜுங்கிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பியது. வழியிலேயே கடத்தினார்கள். ஊழியர்கள் 17 பேரையும் மிதவையில் இறக்கி விட்டுவிட்டார்கள், நாள்கணக்கில் மிதந்தவர்களைக் காப்பாற்றியது ஒரு மீன்பிடிப் படகு. கப்பலுக்குப் பெயரை மாற்றிப் பூசிக்கொண்டு கொள்ளையர்கள் அரபிக்கடல் வரை வந்துவிட்டார்கள். கோலாலம்பூரில் உள்ள கடற்கொள்ளைத் தகவல் மையம் எல்லாக் கப்பலுக்கும் அடையாளத்தைச் சொல்லிவைத்திருந்ததால் வழியில் ஒரு டாங்கர் பார்த்துச் சொல்ல, நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. தகவல் பகிர்வு அற்புதமாக வேலை செய்தது. அதற்குப் பிறகு? இந்தியாவில் கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டமே இல்லை. கிடைத்த பழைய பிரிவுகளை வைத்து நடத்திய வழக்கில் 2003-ல் மும்பையில் தண்டனை, 2005-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை.

சட்டம் வர 2022 ஆகிவிட்டது. அந்தக் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இருந்ததால்தான், 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா எம்.வி. ருயென் கப்பலை மீட்டு 17 ஊழியர்களைக் காப்பாற்றியபோது சரணடைந்த 35 கொள்ளையர்களையும் மும்பைக்குக் கொண்டுவந்து வழக்குப் போட முடிந்தது. முன்பெல்லாம் பல நாட்டுக் கடற்படைகள் பிடித்த ஆளைத் துப்பாக்கியைக் கடலில் போடச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கின்றன, எந்த நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்துவது என்று தெரியாமல். கென்யாவும் சீஷெல்ஸும் வழக்கை எடுத்துக்கொள்ள முன்வந்த பிறகுதான் அது கொஞ்சம் மாறியது.

பிடித்துவைப்பதற்கும் விலை உண்டு. 2010-ல் கடத்தப்பட்ட அஸ்ஃபால்ட் வென்சர் கப்பலுக்கு 2011-ல் பிணைத்தொகை கொடுத்தாகிவிட்டது. கப்பலையும் எட்டு பேரையும் விட்டவர்கள், ஏழு இந்தியர்களை மட்டும் விடவில்லை. இந்தியக் கடற்படை பிடித்துவைத்திருந்த தங்கள் ஆட்களை விடச் சொன்னார்கள். அந்த ஏழு பேர் வீடு வந்தது 2014 அக்டோபர் கடைசியில். நாலு வருஷம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை.

ரவி, காவலர்கள் பற்றி: 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் பிடிபட்ட சீமேன் கார்டு ஓகையோ நினைவிருக்கிறதா? கப்பல் பாதுகாப்புக்கு ஆள் அனுப்பும் படகு அது, 35 பேர், உரிமம் இல்லாத துப்பாக்கிகள் என்று வழக்கு. 2016-ல் ஐந்து வருஷ தண்டனை, 2017-ல் மதுரைக் கிளை விடுதலை செய்தது. துப்பாக்கியோடு கடலில் திரியும் தனியார் ஆட்களுக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று முன்கூட்டியே யாரும் பேசி முடிக்காததால், அந்த ஆட்களும் வருஷக்கணக்கில் இங்கே கிடந்தார்கள்.

வள்ளவிளையான்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். மிதவையில் கிடந்தவர்களைக் காப்பாற்றியது மீன்பிடிப் படகு என்று வக்கீல் சார் எழுதியதால்தான் நானும் எழுத வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். எங்கள் ஆட்கள் தங்குகடல் தொழில் செய்கிறவர்கள், சுறாவும் கேரை மீனும் தேடி அரபிக்கடலில் வெகுதூரம் போவார்கள். இந்தக் கொள்ளைக்காலம் எங்களுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

2010-ல் கப்பல் கம்பெனிகளின் சங்கங்கள் சேர்ந்து அதிக ஆபத்துப் பகுதி என்று ஒரு கோடு போட்டன, கிழக்கே 78 டிகிரி தீர்க்கரேகை வரை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், 78 என்பது ஏறக்குறைய தூத்துக்குடி. அதாவது குஜராத் முதல் கன்னியாகுமரி வரை நம் மேற்குக் கடல் முழுக்க, நாங்கள் தினமும் தொழில் செய்கிற கடல் முழுக்கக் கொள்ளையர் பகுதி. அவர்கள் போட்ட கோட்டுக்குள் எங்கள் படகு இருந்தால், கப்பலில் துப்பாக்கியோடு நிற்கிறவன் கண்ணுக்கு நாங்கள் யார்?

2012 பிப்ரவரி 15. செயின்ட் ஆண்டனி என்ற படகு, கேரளக் கரையிலிருந்து இருபது மைல் சொச்சம். என்ரிக்கா லெக்ஸி கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டார்கள், கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். இரண்டு பேர் செத்தார்கள், ஒருவர் கொல்லம், ஒருவர் எங்கள் மாவட்டம். அப்புறம் வழக்கு எந்த நாட்டில் நடக்க வேண்டும் என்று எட்டு வருஷம். 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம், வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. பத்து கோடி ரூபாய் வந்தது, 2021-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இந்தியா திரும்பத் திரும்பக் கேட்டு அந்தக் கோட்டை 65 டிகிரிக்குத் தள்ளியது 2015 டிசம்பரில். அந்த நேரத்தில் சோமாலியப் பக்கம் தாக்குதலே அநேகமாக ஓய்ந்துபோயிருந்தது.

நீங்கள் சொல்கிற ஷேட், மெர்க்குரி, சாங்கி மையம் எதிலும் எங்கள் ஆள் ஒருவர் இல்லை. ஆனால் அந்தக் கடலில் யார் புதிதாக வந்திருக்கிறான், எந்தப் படகு மீன் பிடிக்காமல் சும்மா நிற்கிறது என்று முதலில் பார்க்கிறது நாங்கள்.

செகண்ட்மேட்

வள்ளவிளையான் அண்ணே, நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. இரவில் ரேடாரில் சின்னப் புள்ளிகள் வந்தால் பிரிட்ஜில் எல்லோருக்கும் வயிறு கலங்கும், நம் ஊர்க்காரன் என்று தெரிந்த எனக்கே கலங்கும். அந்தப் புள்ளி யார் என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. வழிகாட்டி நூலிலேயே மீனவர்கள் வலையைக் காக்கக் கப்பலை நோக்கி வரக்கூடும் என்று எச்சரித்திருக்கிறார்கள், ஆனால் அதை எல்லாக் கப்பலிலும் எல்லோரும் படித்திருக்கிறார்களா என்றால் இல்லை.

செவ்வந்தி_ஆய்வு

செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கடலில் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் துறையில் ஆராய்ச்சி செய்கிறேன், அந்தப் புள்ளி யார் என்பதுதான் எங்கள் துறையின் முக்கியக் கேள்வியே.

பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் ஏ.ஐ.எஸ். கருவி கட்டாயம், தன் பெயரையும் இடத்தையும் தானே ஒலிபரப்பிக்கொண்டே போகும். சின்னப் படகுகளுக்கு அந்த விதி இல்லை, தவறு செய்கிற பெரிய கப்பல் அதை அணைத்தும் வைக்கும், பொய் இடத்தையும் சொல்லும். அதனால் ரேடார் செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்க்கும், படங்களும் இலவசம். மீன்பிடிக் கப்பல்களைக் கண்காணிக்கும் குளோபல் ஃபிஷிங் வாட்ச் அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் 2021 வரையிலான படங்களை ஏ.ஐ.எஸ். பதிவுகளோடு ஒப்பிட்டு 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். உலகில் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் தெரிவதே இல்லை. சோமாலியாவுக்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு. 1991-ல் அங்கே அரசு விழுந்த பிறகு வெளிநாட்டுக் கப்பல்கள் புகுந்து மீனை அள்ளிய கோபத்தைத்தான் கொள்ளையர்கள் கரையில் தங்களுக்கு ஆதரவாகத் திருப்பிக்கொண்டார்கள். யார் திருடுகிறான் என்று அன்றைக்கே பார்க்க முடிந்திருந்தால் அந்த நியாயம் பேச இடம் இருந்திருக்காது.

ஆனால் ரேடார் படம் தொடர்ந்து கிடைப்பதில்லை, செயற்கைக்கோள் திரும்பி வர நாள்கள் ஆகும். மரத்தாலும் ஃபைபராலும் ஆன சின்னப் படகு அதில் சரியாகத் தெரியவும் தெரியாது. அதனால் படகே தன்னைச் சொல்ல வேண்டும். படகின் இடத்தைச் சொல்லும், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இருபக்கமும் சின்னச் செய்தி அனுப்பலாம், ஆபத்து என்று அழைக்கலாம், புயல் எச்சரிக்கை வரும்.

வள்ளவிளையான்

தங்கச்சி, டிரான்ஸ்பாண்டர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2017-ல் ஒக்கி வந்தபோது நடுக்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லாமல் எத்தனை பேரை இழந்தோம், அந்த வலி ஊரில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. ஆனால் படகோட்டும் ஸ்ராங்குகளுக்கு இரண்டு பயம் உண்டு. மீன் கிடைக்கிற இடம் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடுமோ என்பது ஒன்று. எல்லை தாண்டினான் என்று வழக்குப் போட இதையே சாட்சியாக வைப்பார்களோ என்பது இன்னொன்று. மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் குபேர் என்ற மீன்படகைக் கடத்தித்தான் வந்தார்கள், அதற்குப் பிறகு எங்களுக்கு அடையாள அட்டை, படகுக்கு நிறம் என்று எல்லாம் வந்தது. கடலில் எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள் என்று கூட்டம் போடுவார்கள், சொல்வோம். சொன்னது என்ன ஆயிற்று என்று ஒரு பதில் வராது. ஒருமுறை சந்தேகமான படகைப் பற்றிச் சொன்ன எங்கள் பையனையே பாதி நாள் உட்காரவைத்து விசாரித்தார்கள், அவன் அடுத்த முறை வாயைத் திறப்பானா?

ரவிக்குமார்_சென்னை

அண்ணே, 78 டிகிரி விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. துப்பாக்கிக் காவலர்களால் கடத்தல் குறைந்தது என்பதை நான் இன்னமும் நம்புகிறேன், ஆனால் கோட்டை எங்கே போடுவது, யார் எப்போது சுடலாம் என்பதை மீனவர் சங்கங்களையும் உட்காரவைத்து முடிவு செய்திருக்க வேண்டும்.

நெய்தல்வாசி

நான் தொடங்கியபோது கடற்படைகளுக்கு இடையிலான பகிர்வை மட்டும் மனதில் வைத்திருந்தேன், இழை அதைத் தாண்டி முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறது. 2023 ஜனவரி 1-ல் அந்த அதிக ஆபத்துப் பகுதியையே நீக்கினார்கள், அதே வருஷக் கடைசியில் ருயென் கடத்தப்பட்டது. ஆகவே மறுபடி ஒரு கோடு போடும் பேச்சு வரலாம். வந்தால் இந்த முறை குருகிராமில் நம் கடற்படை 2018-ல் தொடங்கிய தகவல் மையம் வழியாக மீனவர்களின் பேச்சும் அந்த மேசைக்குப் போக வேண்டும் என்று நாம் கேட்கலாம். அங்கே ஏற்கெனவே பல நாட்டு அதிகாரிகள் இருக்கிறார்கள். தங்கள் படகுகள் எந்த மாதத்தில் எங்கே, எத்தனை என்று மீனவர் சங்கங்கள் தோராயமாகச் சொன்னால்கூட அதைக் கப்பல்களுக்கான எச்சரிக்கையில் சேர்க்க முடியும். தனிப் படகின் இடம் வெளியே போகாது, ஸ்ராங்குகளின் பயத்துக்கும் ஒரு பதில். வக்கீல் சார், டிரான்ஸ்பாண்டர் பதிவை மீனவர்மேல் வழக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் வாங்க வழி இருக்கிறதா?

வழக்குரை

முழுவதும் தடுக்க முடியாது, குற்ற வழக்கில் நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆனால் யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எதற்காக மட்டும் என்று அரசு விதி எழுதலாம். தகவல் சொன்னவரையே சந்தேக நபராக நடத்தக் கூடாது என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். மனு எழுத நான் உதவுகிறேன், தனிச்செய்தியில் வாருங்கள்.

வள்ளவிளையான்

சரி சார், சங்கத்தில் பேசிவிட்டு வருகிறேன். செகண்ட்மேட் தம்பிக்கு ஒரு கேள்வி. இரவில் தூண்டில் போட்டுவிட்டு எல்லோரும் தூங்குகிற நேரம், பெரிய கப்பல் நேராக வருகிறது. நாங்கள் என்ன செய்தால் உங்களுக்குப் பயம் வராது?

செகண்ட்மேட்

ஒரு ஆள் எப்போதும் விழித்திருக்க வேண்டும் அண்ணே, அது முதல். விளக்கு எரியட்டும், இருட்டில் நிற்கும் படகைத்தான் கப்பல்காரன் சந்தேகப்படுவான். வி.எச்.எஃப். வானொலியின் 16-ம் அலைவரிசையில் படகின் பெயரையும் இந்தியன் ஃபிஷிங் போட் என்பதையும் மெதுவாக இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள், தூண்டில் கயிறு எந்தப் பக்கம் கிடக்கிறது என்றும் சொன்னால் திருப்பிப் போக வசதி. கயிறு அறுந்துவிடும் என்ற அவசரத்தில் வேகமாகக் கப்பலை நோக்கி வருவதுதான் ஆபத்து, குறிப்பாகப் பின்பக்கத்திலிருந்து, கொள்ளையர்களும் அங்கிருந்துதான் வருவார்கள். கைவிளக்கை வானத்தை நோக்கியும் உங்கள் படகின் மேலும் அடியுங்கள், எங்கள் பிரிட்ஜின் மேல் அடித்தால் கண் கூசி எதுவும் தெரியாது. ஏதாவது நடந்தால் கடலோரக் காவல்படை 1554, ஆனால் அது போன் எட்டும் தூரத்துக்கு மட்டும். இதை நான் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன், மலையாளத்திலும் போட்டுத் தர யாராவது இருந்தால் கொல்லம் பக்கமும் கொடுக்கலாம்.